வேலூர் வெயிலிலும் சூடேறாத இன்ஜின்: ஆயிலில் நீரும் கசடும் சேர்ந்த ஒரு காரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உட்பட்டது 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட, 2016-ஆம் ஆண்டு மாடல் சிறிய கார். அதன் உரிமையாளர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். காட்பாடி காந்தி நகரில் மனைவியோடும் மகள் குடும்பத்தோடும் வசிப்பவர். வேலூரில் உள்ள எங்கள் பட்டறைக்கு அந்தக் கார் முதன்முதலாக வந்தபோது 41,300 கிலோமீட்டர் மட்டுமே ஓடியிருந்தது. ஒரே கையில் இருந்த வண்டி, அடிபடாத வண்டி, மழையில் நனையாமல் போர்டிகோவில் நின்ற வண்டி. பழைய கார் வாங்க வருபவர் எவரும் இப்படி ஒன்றைக் கண்டால் யோசிக்காமல் முன்பணம் கொடுத்துவிடுவார்.

அந்தக் குறைந்த கிலோமீட்டர் எந்த வகையில் சேர்ந்தது என்பதை அப்போதே கேட்டிருக்க வேண்டும். காலையில் பேத்தியைப் பள்ளியில் விட 1.5 கிலோமீட்டர், திரும்பி வர 1.5 கிலோமீட்டர்; பிற்பகலில் அழைத்துவர மறுபடியும் அதே தூரம்; மாலையில் காய்கறிக் கடை அல்லது கோயில். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேலூர் நகருக்குள் வருவது வாரத்துக்கு ஒருமுறை இருந்தால் அதிகம். ஒரு நாளில் நான்கைந்து முறை ஸ்டார்ட் ஆகும். ஒரு முறைகூடப் பத்து நிமிடத்துக்கு மேல் சாலையில் ஓடாது. பணி ஓய்வுக்குப் பிறகான ஆண்டுகள் முழுவதும் கார் இப்படித்தான் பயன்பட்டிருக்கிறது.

முதல் வருகை: ஜூன்

மைலேஜ் குறைந்துவிட்டது, இன்ஜின் முன்போல் இழுக்கவில்லை என்பதே அன்று சொல்லப்பட்ட குறை. முன்பு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 11 கிலோமீட்டருக்கு இறங்கியிருந்தது. கடைசியாக ஆயில் மாற்றி 22 மாதங்கள் ஆகியிருந்தன. அந்த இடைவெளியில் ஓடிய தூரம் 4,600 கிலோமீட்டர். கண்ணாடியில் ஒட்டியிருந்த சர்வீஸ் ஸ்டிக்கரில் அடுத்த சர்வீஸுக்கு உரிய கிலோமீட்டர் மட்டும் எழுதப்பட்டிருந்தது, தேதி எழுதப்படவில்லை. கையேடு சொல்வது 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அது. அவர் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்திருந்தார். இன்னும் 5,400 கிலோமீட்டர் மிச்சம் இருப்பதாக அவர் கணக்கிட்டதில் அவர் பிழை ஏதும் இல்லை. ஸ்டிக்கர் அவருக்கு அப்படித்தான் சொன்னது.

ஆயில் அளவு பார்க்கும் குச்சியான கேஜை உருவிப் பார்த்தபோது ஆயில் கறுத்து, நீர்த்து, மேல் கோட்டைத் தாண்டி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. லேசாகப் பெட்ரோல் வாடையும் அடித்தது. முன்பு ஆயில் மாற்றியவர்கள் கூடுதலாக ஊற்றிவிட்டார்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன். ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்புறத்தில் பழுப்பு நிறப் படலம் தவிர வேறொன்றும் இல்லை. பழைய ஆயிலை வடித்து, ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக்குகள் ஆகியவற்றை மாற்றி, கையேட்டில் குறிப்பிட்ட 5டபிள்யூ-30 ஆயிலை மேல் கோட்டுக்குச் சரியாக ஊற்றி, இரண்டு மணி நேரத்தில் வண்டியை ஒப்படைத்தோம். "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில் ஊற்றக் கூடாதா தம்பி?" என்று அவர் கேட்டார். கையேடு சொல்வதே போதும் என்று மறுத்தேன். அந்த ஒரு பதில் மட்டுமே அன்று சரியாகச் சொன்னது.

வெயிலைப் பற்றி அவர் கேட்ட கேள்வியிலேயே இந்தக் காரின் நோய்க்கான தடயம் இருந்தது. அதை நான் பிடிக்கவில்லை.

இரண்டாம் வருகை: நவம்பர்

ஐந்து மாதம் கழித்து, 1,050 கிலோமீட்டர் ஓடிய நிலையில், கார் திரும்பி வந்தது. அடைமழைக் காலம். உரிமையாளரின் மருமகன் ஆயில் அளவு பார்ப்பதற்காக மூடியைத் திறந்திருக்கிறார். கண்ட காட்சி அவரைக் கலக்கிவிட்டது. அருகிலிருந்த வேறொரு பட்டறையில் காட்டியபோது, ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்கித் தளம் சீவ வேண்டும் என்று சொல்லி 24,000 ரூபாய்க்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் பெரியவர் வந்தார்.

மூடியைத் திருகி எடுத்துத் திருப்பினேன். உள் விளிம்பு முழுவதும் வெளிர் மஞ்சள் நிறத்தில், மோரில் திரண்ட வெண்ணெயைப் போல ஒரு பொருள் அப்பியிருந்தது. விரலால் வழித்தபோது அதிலிருந்து கடுகளவு நீர்த்துளிகள் பிரிந்து விரலிடுக்கில் நின்றன. ஆயில் கேஜின் மேல் தண்டிலும் அதே நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு மீண்டும் இறக்கி எடுத்தேன். ஆயில் மேல் கோட்டுக்கு 8 மில்லிமீட்டர் மேலே நின்றது. ஜூன் மாதத்தில் அந்தக் கோட்டுக்குச் சரியாக ஊற்றியவன் நான். ஓடும் இன்ஜினில் ஆயில் சிறிது குறையலாம், அப்படியே நிற்கலாம். கூடுவதற்கு ஒரே காரணம்தான் உண்டு, ஆயில் அல்லாத ஏதோ ஒன்று அதில் சேர்கிறது. ஜூனில் பார்த்த உயரமும் யாரோ கூடுதலாக ஊற்றியதால் வந்ததல்ல என்பது அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது.

"அஞ்சு மாசமா சொட்டு ஆயில்கூட குறையல தம்பி" என்று பெரியவர் சொன்னபோது அவர் குரலில் இருந்த நிறைவை இப்போதும் மறக்க முடியவில்லை.

ஹெட்டைத் திறக்கும் முன் செய்த சோதனைகள்

வெண்ணெய் போன்ற இந்தப் பொருள் ஆயிலும் நீரும் சேர்ந்து கடைந்த குழம்பு. நீர் இரண்டு வழிகளில் வந்திருக்கலாம். ஒன்று, ரேடியேட்டர் நீர் ஹெட் கேஸ்கெட் வழியாகவோ வெடிப்பு வழியாகவோ ஆயிலுக்குள் கசிந்திருக்கலாம். மற்றொன்று, இன்ஜினுக்குள்ளேயே உண்டாகும் நீராவி வெளியேற வழியின்றிக் குளிர்ந்து தங்கியிருக்கலாம். மூடியின் அடிப்புறம் இரண்டுக்கும் ஒரே முகத்தைத்தான் காட்டும். எது என்று தெரியாமல் ஹெட்டை இறக்குவதில்லை என்று முடிவு செய்தேன்; நல்ல நிலையில் உள்ள ஹெட்டை இறக்கி ஏற்றுவது செலவு மட்டுமன்று, புதிய கசிவுக்கும் இடம் கொடுக்கும்.

முதலில் ஆயிலில் நீர் உண்டா என்று பார்த்தோம். ஓர் இரும்புத் தகட்டை அடுப்பில் வைத்து 150 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் புதிய ஆயிலை ஒரு துளி விட்டோம், சத்தமின்றிப் பரவியது. கேஜிலிருந்து ஒரு துளி விட்டதும், சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போலச் சடசடவென்று பொரிந்து தெறித்தது. நீர் இருப்பது உறுதி.

அடுத்து ரேடியேட்டர். அதில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் நிறமுள்ள திரவம்) இல்லை. துருவின் சாயல் ஏறிய வெறும் தண்ணீர் இருந்தது. கூலன்ட் இருந்திருந்தால் அதன் நிறம் ஆயிலில் சாட்சி சொல்லியிருக்கலாம். வெறும் தண்ணீர் என்பதால் அந்த உதவியும் இல்லை. ஆனால் நீர் மட்டம் அடையாளக் கோட்டில் சரியாக இருந்தது. ஐந்து மாதத்தில் ஒருமுறைகூடத் தண்ணீர் ஊற்றவில்லை என்று வீட்டார் உறுதியாகச் சொன்னார்கள். குளிர்விக்கும் அமைப்பில் 1 பார் அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் விட்டோம், முள் அசையவில்லை. இன்ஜினை ஓட்டிவிட்டு மறுபடியும் அதே சோதனை; அப்போதும் அசையவில்லை. ரேடியேட்டர் வாயில் நீல நிறச் சோதனைத் திரவத்தை வைத்துப் பார்த்தோம். எரிந்த வாயு கலந்தால் மஞ்சளாக மாறும் அந்தத் திரவம் நீலமாகவே இருந்தது. நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனும் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு) 170 முதல் 175 பிஎஸ்ஐ-க்குள் ஒன்றுபோல் இருந்தது. ஹெட் கேஸ்கெட் போன இன்ஜின் இந்த நான்கு சோதனைகளையும் ஒருசேரத் தாண்டுவது அரிது. கேஸ்கெட் நலமாக இருக்கிறது என்று அன்று மாலையே பெரியவரிடம் சொன்னோம்.

அப்படியானால் நீர் உள்ளேயே உண்டாகி உள்ளேயே தங்குகிறது. ஏன்?

நீல விளக்கு

மறுநாள் காலை, இரவெல்லாம் நின்று குளிர்ந்த இன்ஜினில், அதன் கம்ப்யூட்டரின் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரைச் செருகி ஸ்டார்ட் செய்தோம். கோளாறுக் குறியீடு ஒன்றும் காட்டவில்லை. ரேடியேட்டர் நீரின் வெப்பம் 24 டிகிரியில் தொடங்கியது. பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடியபின் 52 டிகிரி. பிறகு நானே ஓட்டிக்கொண்டு சத்துவாச்சாரிப் பக்கம் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போனேன். நகருக்குள் 64 டிகிரி வரை ஏறிய வெப்பம், நெடுஞ்சாலையில் 70 கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் 59 டிகிரிக்கு இறங்கியது. நலமாக உள்ள இன்ஜின் ஐந்து, ஏழு நிமிடத்தில் 85 டிகிரியை எட்டி, வேகம் கூடினாலும் குறைந்தாலும் அங்கேயே நிற்க வேண்டும். எதிர்காற்று பட்டவுடன் வெப்பம் இறங்கினால், ரேடியேட்டருக்குப் போகும் வழி எந்நேரமும் திறந்தே கிடக்கிறது என்று பொருள்.

இந்தக் காரில் வெப்ப முள் கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, மிகைச் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். நீல விளக்கு எத்தனை நேரம் எரிகிறது என்று கேட்டபோது பெரியவர் யோசித்துச் சொன்னார்: "முன்னெல்லாம் தெருமுனை திரும்புறதுக்குள்ள அணைஞ்சிடும். இப்ப பள்ளிக்கூடம் போய்ச் சேர்ற வரைக்கும் எரியுது. குளிர்ச்சியா ஓடுது, நல்லதுன்னு நினைச்சிருந்தேன்." காலை தோறும் பத்து நிமிடம் போர்டிகோவிலேயே ஓடவிட்டபின்தான் வண்டியை எடுப்பது வழக்கம் என்றும் சொன்னார்.

பேச்சு வளர வளர மீதிக் கதையும் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கத்திரி வெயிலில், திருவண்ணாமலை போய்த் திரும்பும் வழியில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் எரிந்துபோயிருந்தது. வழியில் இருந்த ஒரு பட்டறையில் மோட்டாரை மாற்றியதோடு நிற்காமல், இன்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் வால்வையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். தண்ணீர் தடையின்றி ஓடினால் இன்ஜின் குளுமையாக இருக்கும், இந்த ஊர் வெயிலுக்கு வால்வு எதற்கு என்பது அவர்கள் சொன்ன காரணம். கூலன்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றியதும் அப்போதுதான். நாங்கள் தெர்மோஸ்டாட் கூட்டைத் திறந்தோம். ரப்பர் வளையம் மட்டும் இருந்தது. வால்வு இருக்க வேண்டிய இடம் காலி.

வட ஆற்காட்டுப் பட்டறைகளில் இந்தப் பழக்கம் ஆழமாக வேரூன்றியது. இதைச் செய்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஒரு பழைய பயத்தில் செய்கிறார்கள். வால்வு மூடியபடி சிக்கிக்கொண்டால் இன்ஜின் சில நிமிடங்களில் வெந்துவிடும். அதைக் கண்ணால் கண்டவர்கள், வால்வே இல்லாவிட்டால் வம்பில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மிகைச் சூடு ஒரே நாளில் கொல்வதால் எல்லார் கண்ணுக்கும் படுகிறது. சூடேறாமை ஈராண்டு எடுத்துக்கொண்டு கொல்வதால், அது செய்த கேடு வேறொன்றின் கணக்கில் எழுதப்படுகிறது.

நீர் உண்டாகும் வழி

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் நீர் அது. அதன் பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடுகிறது. மார்கழிக் காலையில் சைலன்சர் முனையில் சொட்டுவது அதுதான். ஒரு சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியே கீழிறங்கி ஆயில் இருக்கும் அறைக்குள் போகிறது. இது எல்லா இன்ஜினிலும் நடப்பது. இன்ஜினும் ஆயிலும் நன்றாகச் சூடேறியிருந்தால் அந்த ஆவி ஆவியாகவே மிதந்து, அந்த அறையின் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வின் வழியாக உறிஞ்சப்பட்டு, மீண்டும் சிலிண்டருக்குப் போய் எரிந்து வெளியேறுகிறது. சூடேறாத இன்ஜினில் அது குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகிறது. இன்ஜினிலேயே குளிர்ந்த இடங்கள் அதன் தலைக்கு மேலுள்ள உறையான டாப்பெட் கவரும் ஆயில் மூடியும். வெண்ணெய் முதலில் அங்கே திரள்வது அதனால்தான்.

இதோடு நின்றிருந்தால்கூடத் தீங்கு பாதியாக இருந்திருக்கும். ரேடியேட்டர் நீர் 65 டிகிரியைத் தாண்டாததால், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாகவே கம்ப்யூட்டர் கருதி, பெட்ரோலைக் கூடுதலாகத் தெளித்துக்கொண்டே இருந்தது. மைலேஜ் குறைந்ததும் அதனால், ஆயில் மட்டம் உயர்ந்ததும் அதனால். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஆயிலை நீர்க்கச் செய்கிறது. நீரும் பெட்ரோலும் புகைக்கரியும் சேர்ந்த ஆயிலில் அமிலம் உண்டாகிறது; அதைச் சமாளிக்க ஆயிலில் கலக்கப்பட்ட மருந்துகள் தீர்ந்துபோகின்றன; அதன்பின் அழுக்கைக் கரைத்து ஏந்தி நிற்கும் வலிமை ஆயிலுக்கு இல்லாமல், அழுக்கு படியத் தொடங்குகிறது. அந்தப் படிவே கசடு.

காலையில் போர்டிகோவில் பத்து நிமிடம் ஓடவிட்டதும் உதவவில்லை, கெடுதலே செய்தது. நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் குறைவான சூட்டையே தருகிறது. நீரையும் எரியாத பெட்ரோலையும் மட்டும் ஆயிலுக்குச் சேர்க்கிறது. ஆயில், ரேடியேட்டர் நீரைவிட மெதுவாகத்தான் சூடேறும். வால்வு சரியாக உள்ள காரில்கூட ஆயில் முழுச் சூட்டை அடையப் பதினைந்து, இருபது நிமிடம் சாலையில் ஓட வேண்டும்.

வேலூரில் கத்திரியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மனிதருக்கு அது தாங்க முடியாத வெப்பம். இன்ஜினுக்கு அது தொடக்கப் புள்ளி மட்டுமே. ஆயிலிலுள்ள நீரை விரட்ட ஆயில் 90 டிகிரிக்கு மேல் போக வேண்டும். இடையில் உள்ள 50 டிகிரியை எந்த வெயிலும் நிரப்பாது. வெயிலால் நடந்தது ஒன்றுதான்: ஜூன் மாதத்தில் மூடியும் டாப்பெட் கவரும் சுடச்சுட இருந்ததால் வெண்ணெய் திரளவில்லை, நோய் எங்கள் கண்ணுக்கு மறைந்தது. ஐப்பசி, கார்த்திகையின் ஈரமும் குளிர்ந்த இரவுகளும் அதை வெளியே கொண்டுவந்தன.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணமாக இருக்குமோ என்று மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. அன்று பட்டறையில் இதே மாடல் கார் இன்னொன்று நின்றிருந்தது. அதே பங்கில் பெட்ரோல் போடுவது, நாள்தோறும் ஆற்காடு வரை போய்வருவது. அதன் மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். அடிப்புறம் தேன் நிறத்தில் துடைத்துவைத்தாற்போல் இருந்தது. ஒரு காரை வைத்துப் பொது முடிவு சொல்ல முடியாது. ஆனால் வால்வில்லாத கூட்டைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பெட்ரோலைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எடுத்த முடிவுகள்

புதிய தெர்மோஸ்டாட் வால்வு, கூலன்ட், பிசிவி வால்வு ஆகியவற்றில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பழைய பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்கியபோது கலகலக்க வேண்டியது கலகலக்கவில்லை; வெண்ணெய் ஏறி இறுகிப்போயிருந்தது. ஆவி போகக்கூடிய ஒரே வழியும் அடைபட்டிருந்தது.

கசடை எப்படி அகற்றுவது என்பதில்தான் பட்டறைக்குள்ளேயே நெடுநேரம் பேசினோம். எங்கள் மூத்த மெக்கானிக், பழைய வழக்கப்படி ஆயிலை வடித்துவிட்டு டீசல் ஊற்றிச் சற்று ஓட்டிக் கழுவிவிடலாம் என்றார். டீசலுக்கு பேரிங்குகளைக் காக்கும் வலிமை கிடையாது என்பதால் அதை ஏற்கவில்லை. கடையில் கிடைக்கும் ஃப்ளஷ் மருந்தையும் யோசித்தோம். இலேசான படிவுக்கு அது பொருந்தலாம். கசடு எவ்வளவு கனமாகப் படிந்திருக்கிறது என்று தெரியாத இன்ஜினில் அதை ஊற்றுவது ஆபத்து. பெயர்ந்து வரும் கசடு கட்டி கட்டியாகப் போய் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால், அதுவரை ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் ஆயில் கிடைக்காமல் அன்றே சிக்கிக்கொள்ளும். எனவே டாப்பெட் கவரையும், ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்பையும் இறக்கி, கண்ணால் பார்த்து, கையால் சுத்தம் செய்வது என்று தீர்மானித்தோம். கூலி கூடும், இரண்டு நாள் பிடிக்கும் என்பதைப் பெரியவரிடம் முன்கூட்டியே சொன்னோம்.

இறக்குவதற்கு முன் ஆயில் அழுத்தத்தை அளவுமானி பொருத்திப் பார்த்தோம்: நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 2.1 பார்.

சம்பை இறக்கிய நாள்

டாப்பெட் கவருக்குள் மேலே வெளிர் மஞ்சள், அதற்கடியில் பழுப்பு, மூலைகளில் கறுப்பு என்று நோய் வளர்ந்த வரலாறு அடுக்கடுக்காகத் தெரிந்தது. சம்பின் அடியில் 4, 5 மில்லிமீட்டர் கனத்துக்கு, ஆறிப்போய் ஏடு பிடித்த கேழ்வரகுக் கூழ் போல் கசடு உறைந்திருந்தது. சம்பைச் சரித்தும் அது வழியவில்லை. ஆயில் பம்பின் சல்லடையில் மூன்றில் ஒரு பங்கு அடைபட்டிருந்தது. பெரியவரை அழைத்துக் காட்டினோம். அவர் சிறிது நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "இதுல என் பேத்தி தினம் போய் வந்திருக்கா" என்று மட்டும் சொன்னார்.

சம்பையும் கவரையும் சல்லடையையும் தனியே எடுத்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்து உலர்த்தினோம். இன்ஜினுக்குள் நேராக எதையும் ஊற்றவில்லை. எட்டிய இடங்களைத் துணியால் துடைத்தோம், எட்டாத இடங்களை விட்டுவிட்டோம். இன்ஜினின் சுழற்சியோடு வால்வுகளை இணைத்து இயக்கும் டைமிங் செயின் பகுதியைத் திறக்கவில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது இரண்டு நொடி செயின் ஒலி கேட்டது உண்மை. ஆனால் அழுத்தம் சரியானபின் அது எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்கலாம் என்று தள்ளிவைத்தோம்.

புதிய வால்வைப் பொருத்தும் முன், அவரையும் பக்கத்தில் நிறுத்தி ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கினோம். வால்வின் விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியையும் அருகே வைத்தோம். 70, 75, 80 வரை அசைவில்லை. 82-ஐத் தாண்டியதும் நடுத்தட்டு மெல்ல விலகி ஒரு நூலிழை இடைவெளி தெரிந்தது. 90-ஐத் தாண்டியபோது வாய் அகலத் திறந்து நின்றது. "அப்ப இது தண்ணிய அடைக்கிறதில்ல, நேரம் பார்த்துத் திறக்குது" என்றார் அவர். வகுப்பு எடுத்துப் பழகியவர். நான் அரை மணி நேரம் விளக்கியதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அதே ரக ஆயில், புதிய ஃபில்டர், கையேடு சொன்ன கூலன்ட். ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்குகிறதா என்பதை இருமுறை சோதித்தோம். 3,000 சுற்றில் ஆயில் அழுத்தம் இப்போது 3.4 பார். மொத்தச் செலவு 13,000 ரூபாய்க்குச் சற்று உள்ளே முடிந்தது.

பின்தொடர்ந்தவை

ஓட்டும் முறையில் மூன்று மாற்றங்களைக் கேட்டுக்கொண்டோம். காலையில் நின்ற இடத்தில் ஓடவிடக் கூடாது; ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் மெதுவாக நகர்ந்துவிட வேண்டும். ஆயிலைக் கிலோமீட்டர் பாராமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஒரே மூச்சில் நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டும். மூன்றாவதற்குப் பெரியவரின் மனைவி வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை தோறும் பள்ளிகொண்டா உத்தர ரங்கநாதர் கோயிலுக்குப் போய்வருவது என்று முடிவாயிற்று. போக வர ஏறக்குறைய 50 கிலோமீட்டர்.

ஐந்து வாரத்தில் 500 கிலோமீட்டர் ஆனதும் ஆயிலை மறுபடியும் மாற்றினோம். எட்டாத இடங்களில் விட்டுவைத்த கசடைப் புதிய ஆயில் கரைத்து எடுத்திருக்கும் என்ற கணக்கு. பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புத் தாளை விரித்தபோது கறுப்புத் துகள்கள் நிறைய இருந்தன. உலோக மினுமினுப்பு இல்லை. பேரிங் தேயவில்லை என்பதற்கு அதுவே எங்களுக்குக் கிடைத்த முதல் ஆறுதல். ஆயில் மட்டம் கோட்டிலேயே இருந்தது.

ஜனவரியில் அவருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் கோயில் பயணம் தவறியது. அடுத்து மூடியைப் பார்த்தபோது விளிம்பில் நூல் போல வெண்ணெய்க் கோடு தெரிந்தது. ஒருமுறை பள்ளிகொண்டா போய்வந்ததும் மறைந்துவிட்டது. வால்வு இருந்தாலும் குறுந்தூர ஓட்டம் தன் வேலையைச் செய்யும் என்பதை அந்தக் கோடு எங்களுக்குக் காட்டியது.

எல்லாரும் அஞ்சிய சோதனை மே மாதத்தில்தான். வால்வைத் திரும்பப் பொருத்தியதால் கத்திரியில் இன்ஜின் சூடாகிவிடும் என்று உறவினர் ஒருவர் எச்சரித்திருந்ததால், நானே ஒரு பிற்பகலில் ஸ்கேனருடன் அவர் காரில் ஏறினேன். வெளியே 41 டிகிரி. ஏசி முழு அளவில். வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலில் ஊர்ந்தபோது 94 டிகிரி வரை போனது. ஃபேன் சுழன்றதும் 89-க்கு இறங்கியது. நெடுஞ்சாலையில் 87, 88 டிகிரியில் நின்றது. சிவப்பு விளக்கு எரியவில்லை. நீல விளக்கு தெருமுனை திரும்பும் முன்பே அணைந்திருந்தது. மைலேஜ் 14.5.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

ஜூன் மாதத்திலேயே இது பிடிபட்டிருக்க வேண்டும். உயர்ந்து நின்ற ஆயிலும் பெட்ரோல் வாடையும் குறைந்த மைலேஜும் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருந்தன. நான் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தேன். அன்று ஊற்றிய புதிய ஆயில் ஐந்து மாதத்தில் வீணானதற்கு நான் பொறுப்பு. அந்த ஆயிலின் விலையை நவம்பர் பில்லில் கழித்துக்கொண்டோம்.

இப்போது ஆயில் சர்வீஸுக்கு வரும் ஒவ்வொரு காரையும் வடிக்கும் முன் ஓட்டிப் பார்த்து, எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று வேலைத்தாளில் எழுதுகிறோம். ஆயில் மட்டம் கோட்டுக்கு மேலே இருந்தால், முதலில் முகர்ந்து பார்த்து, சூடான தகட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்துவிட்டே அடுத்த வேலை. ஒரு நாளில் எத்தனை முறை ஸ்டார்ட் செய்கிறார்கள், ஒரு ஓட்டம் எத்தனை நிமிடம் என்று கேட்கிறோம். வேறு பட்டறையில் எதையாவது கழற்றி எடுத்தார்களா என்பதையும் தனியாகக் கேட்கிறோம். எதை மாற்றினார்கள் என்று கேட்டால் கழற்றியெறிந்ததை யாரும் சொல்வதில்லை. ஸ்டிக்கரில் கிலோமீட்டருக்கு மேலே, பெரிய எழுத்தில், தேதி.

இந்த முறையைத் தொடங்கியபின் வால்வு இல்லாமல் ஓடும் கார்கள் மேலும் இரண்டைக் கண்டுபிடித்தோம். ஒன்றில் கசடு இன்னும் படியவில்லை. மற்றொன்றின் உரிமையாளர் வால்வு போட மறுத்துவிட்டார். வெப்ப அளவுகளை அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

பெரியவரின் காரில் காலை நேரத்துச் செயின் ஒலி குறைந்திருக்கிறது, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது சம்பை மீண்டும் ஒருமுறை இறக்கிச் சல்லடையைப் பார்ப்பது, அதன்பின் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பற்றி முடிவெடுப்பது என்று அவரோடு பேசி வைத்திருக்கிறோம்.